தறி, கூலி, அஜ்ர்: தொழிலைக் குறிக்கும் சொற்கள் பற்றிச் சில எண்ணங்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஷவ்வால் மாதத்தில் புதிய மாணவர் சேர்க்கை நடைபெறும்போது விண்ணப்பப் படிவங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு நம்மிடம் வந்து சேரும். பெயர், பிறந்த தேதி, மஹல்லா ஆகியவற்றுக்குப் பின் 'தந்தையின் தொழில்' என்றொரு கட்டம் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் சங்கரன்கோவிலிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் அந்தக் கட்டத்தில் 'ஜவுளி' என்று எழுதியிருந்தான். கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டோம். சிறுவன் தலையைக் குனிந்துகொண்டான். உடன் வந்திருந்த தந்தைதான் பதில் சொன்னார்: "கடையெல்லாம் இல்ல ஹஜ்ரத். தறி ஓட்டுறேன், கூலிக்கு."

அவர் அதைச் சொல்லும்போது குரலில் எந்தத் தயக்கமும் இல்லை. தயக்கம் முழுவதும் மகனிடம் இருந்தது. படிவத்தில் அவன் எழுதியது பொய்யும் அல்ல. தறியிலிருந்து வருவது ஜவுளிதானே! ஆயினும் 'தறி' என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு 'ஜவுளி' என்ற சொல்லின் நிழலில் அவன் ஏன் ஒதுங்கினான் என்ற வினா நம்மை விடவில்லை. இக்கட்டுரை அவ்வினாவின் பின்னே சென்றதால் எழுந்தது.

சங்கரன்கோவில் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு சங்கரநாராயணர் கோயிலும் ஆடித்தபசும் நினைவுக்கு வரும். ஊருக்குள் நடப்பவருக்கு முதலில் காதில் விழுவது தறியின் ஓசை. முன்பு கைத்தறி ஓடிய வீடுகளிலும், பின்னர் எழுந்த கூடங்களிலும் இன்று விசைத்தறிகள் ஓடுகின்றன. 2019ஆம் ஆண்டு தென்காசி மாவட்டம் பிறந்தபோது நெல்லையிலிருந்து பிரிந்து சென்ற இப்பகுதியில் சங்கரன்கோவில், புளியங்குடி, சிந்தாமணி, சுப்புலாபுரம் என்று தறியை நம்பிய ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாச் சமூகத்தாரும் இத்தொழிலில் உண்டு. நெய்து முடித்த சேலைக்கு இவ்வளவு என்பது கணக்கு. மின்சாரம் நின்றால் தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும். கூலி உயர்வு கேட்டு ஊரே மௌனமாகிக் கிடந்த நாட்களையும் நாம் கண்டிருக்கிறோம். அந்நாட்களில் ளுஹர் பாங்கு வழக்கத்தை விடத் தெளிவாகக் கேட்கும்.

தமிழில் உழைப்பைக் குறிக்கும் சொற்கள் ஏராளம். அவை ஒன்றுக்கொன்று மாற்றாக வருபவை என்று நினைப்பது பிழை. 'வேலை' என்ற சொல் பழைய இலக்கியங்களில் கடலையும் பொழுதையும் குறித்தது. இன்றைய பொருள் பின்னர் முன்னுக்கு வந்தது. 'உத்தியோகம்' வடமொழியில் முயற்சி என்ற அளவில் நிற்பது. தமிழுக்கு வந்ததும் அதற்கு மேசையும் நாற்காலியும் கிடைத்தன. வெயிலில் முயல்பவனை உத்தியோகம் பார்ப்பவன் என்று எவரும் சொல்வதில்லை. 'சம்பளம்' என்பதைச் சம்பா நெல், அளத்து உப்பு என்று பிரித்துக் காட்டும் விளக்கம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. நமக்கு அதில் நம்பிக்கை இல்லை. வடமொழியில் சம்பலம் என்பது வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொள்ளும் உணவு. இந்த விளக்கமே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. அழகும் இதில்தான் அதிகம். 'கருமம்' என்ற சொல்லின் நிலை பரிதாபத்துக்குரியது. ஆலிம்களின் எழுத்தில் 'நற்கருமம்' என்று உயர்ந்து நின்ற சொல், வீட்டில் பால் பொங்கி வழிந்தால் எரிச்சலோடு உதிர்க்கும் சொல்லாகவும் இருக்கிறது.

'பணி' என்பது வேலையையும் குறிக்கும், வணங்குதலையும் குறிக்கும். 'தொழு' என்ற சொல்லோ நமக்கு மிக நெருக்கமானது. ஸலாத் என்ற அரபுச் சொல்லுக்கு ஈடாக 'தொழுகை' என்ற தூய தமிழ்ச் சொல்லை நம் முன்னோர் தேர்ந்துகொண்டனர். தொழுகைக்கும் தொழிலுக்கும் வேர் ஒன்றுதானா என்ற வழக்கில் நாம் இறங்கவில்லை. அது மொழிநூலார் தீர்க்க வேண்டியது. ஆனால் 'தொழும்பு' என்ற பழஞ்சொல்லைப் பாருங்கள். அடிமைத் தொண்டு என்பதும் அதற்குப் பொருள், இறைத்தொண்டு என்பதும் பொருள். அரபு மொழியில் ஐன், பா, தால் என்ற மூன்றெழுத்து வேரிலிருந்து 'அப்து' என்ற அடிமையும் 'இபாதத்' என்ற வணக்கமும் பிறப்பதை முதலாண்டு மாணவனும் அறிவான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

'அமல்' என்ற சொல்லின் பயணம் இன்னும் வியப்பானது. மிம்பரில் நாம் 'நல்ல அமல்கள்' என்கிறோம். அதே சொல் பாரசீகத்தின் வழியாக அரசு நிர்வாகத்துக்குள் நுழைந்து, 'சட்டம் அமலுக்கு வந்தது', 'அமலாக்கத் துறை' என்றெல்லாம் நாளிதழ்களில் உலவுகிறது. மராமத்து, வசூல், ரசீது, பாக்கி ஆகியவையும் இவ்வாறு வந்தவையே. பள்ளிவாசலில் மறுமையை நினைவூட்டும் சொல் அலுவலகத்தில் அச்சத்தை ஊட்டுகிறது. இது ஒருபுறம் இருக்கட்டும்.

நாம் சொல்ல வந்த சொல் 'கூலி'. திருக்குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்புகளைப் புரட்டுவோர் 'அஜ்ர்' என்ற சொல் வரும் இடங்களில் பரவலாகக் 'கூலி', 'நற்கூலி' என்ற சொற்களைக் காண்பர். மொழிபெயர்த்த உலமாக்கள் வேறு சொல் இல்லாமலா இதை எடுத்தனர்? வெகுமதி, சன்மானம், பரிசு என்று எத்தனையோ சொற்கள் இருந்தன. ஆனால் அஜ்ர் என்பது கொடுப்பவரின் மனம்போல் வழங்கப்படும் பரிசு அன்று. செய்த வேலைக்கு ஈடாக உரிமையோடு பெறுவது. அல்லாஹ் தன் அருளால் அதை உரிமையாக்கித் தந்திருக்கிறான். அந்த நுட்பத்தைத் தாங்கும் தமிழ்ச் சொல் கூலிதான். குறளிலும் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இச்சொல் உயர்ந்த இடத்தில்தான் அமர்ந்திருக்கிறது.

குர்ஆனில் அஜ்ர் என்ற சொல்லின் பரப்பைக் கவனித்தால் வியப்பு மேலிடும். மறுமையின் நற்பலனும் அஜ்ர். பால் கொடுக்கும் தாய்க்கு உரிய ஊதியமும் அஜ்ர் (65:6). மனைவிக்குரிய மஹரும் அச்சொல்லால் சுட்டப்படுகிறது (4:24). சூரத்துஷ் ஷுஅராவில் நூஹ், ஹூத், ஸாலிஹ், லூத், ஷுஐப் (அலை) ஆகிய ஐந்து நபிமார்களும் தம் மக்களிடம் அஜ்ர் எதுவும் கேட்கவில்லை என்று ஒரே தொடரால் அறிவிக்கின்றனர். மூஸா (அலை) அவர்களின் வரலாறு இதற்கு நேர்மாறான காட்சி. மத்யனில் முதியவரின் மகள் தன் தந்தையிடம் இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுமாறு கூறுகிறாள். வலிமையும் நம்பகமும் உடையவரே கூலிக்கு அமர்த்தத் தக்கவர் என்பது அவள் காரணம் (28:26). எட்டு ஆண்டு ஒப்பந்தம் பேசப்படுகிறது. தமிழில் நேராகச் சொன்னால் கலீமுல்லாஹ் அங்கே கூலியாள். மிம்பரில் இதை இப்படிச் சொல்ல நமக்கு நா எழுவதில்லை. நம் நாயகம் (ஸல்) அவர்களும் மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத் நாணயங்களுக்காக மேய்த்ததைத் தாமே எடுத்துரைத்தார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது.

நா எழாமைக்குக் காரணம் அச்சொல் இடையில் பட்ட பாடு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் மற்றத் தீவுகளுக்கும் கப்பலேற்றப்பட்ட நம்மவரை ஆங்கிலேயர் 'கூலிகள்' என்றே பதிவேடுகளில் எழுதினர். அந்த ஆங்கில வழக்கின் மூலம் தமிழா குஜராத்தியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் விளைவில் ஐயமில்லை. ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயராயிற்று. கூலி வாங்குபவன் என்பது போய்க் கூலி என்றே ஆனான். கைத்தறி நலிந்தபோது கடையநல்லூர், தென்காசிப் பகுதி முஸ்லிம்கள் குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூர் சென்று உடலுழைப்பில் பிழைத்தனர். அங்கே அவர்கள் அமைத்த சங்கங்கள் ஊர்ப்பெயரைச் சுமந்து இன்றும் இயங்குகின்றன. ஊர்ப்பெயரைக் காத்த அளவுக்குத் தறியின் பெயரைக் காக்க அவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று நாம் கேட்க மாட்டோம். பசியில் போனவர்களிடம் கேட்கும் கேள்வி அன்று அது.

இனி நம் பாடநூல்களுக்கு வருவோம். ஹனஃபி மத்ஹபின் 'குதூரி'யையும் 'ஹிதாயா'வையும் ஓதியவர்க்கு இஜாரா, அதாவது கூலி ஒப்பந்தம் பற்றிய பாடம் நினைவிருக்கும். அங்கே உழைப்பவன் இரு வகை. 'அஜீர் காஸ்' என்பவன் ஒருவருக்கே தன் நேரத்தை ஒப்படைத்தவன். வேலை கொடுக்கப்படாவிட்டாலும் நேரத்தை ஒப்படைத்ததற்கே அவனுக்கு ஊதியம் உண்டு. 'அஜீர் முஷ்தரக்' என்பவன் சாயமிடுபவனைப் போலப் பலருக்கும் பொதுவானவன். வேலையை முடித்துக் கொடுத்த பின்னரே ஊதியத்துக்கு உரியவன். சங்கரன்கோவில் தறித்தொழிலாளியை இவற்றில் எதில் சேர்ப்பது? காலையிலிருந்து மாலை வரை ஒரே முதலாளியின் கூடத்தில் நிற்கிறான். அந்த வகையில் காஸ். சேலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறான். அந்த வகையில் முஷ்தரக். மின்தடை நேரத்தில் அவன் காத்துக்கிடப்பதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இந்த வகைப்பாட்டில்தான் தொங்குகிறது. மாணவர்களிடம் இதைக் கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். நம்முடைய சாய்வு முதற்கட்சியின் பக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அதே பாடத்தில் நெசவாளன் பெயர் சொல்லியே ஒரு சட்டம் வருகிறது. ஒருவர் நெசவாளனிடம் நூலைக் கொடுத்து, நெய்த துணியில் பாதியை நீயே கூலியாக எடுத்துக்கொள் என்றால் அந்த ஒப்பந்தம் முறையற்றது. அதற்காக உழைத்தவனை வெறுங்கையோடு அனுப்பிவிட முடியாது. 'அஜ்ருல் மிஸ்ல்', அதாவது அவ்வேலைக்கு ஊரில் வழங்கும் நியாயமான கூலி அவனுக்குக் கிடைத்தாக வேண்டும். பல்க் நகரத்து அறிஞர்களோ, நெசவாளரிடையே இவ்வழக்கம் ஊன்றிவிட்டதால் இந்த ஒப்பந்தத்தையே அனுமதித்தனர். சட்டத்தின் கண்ணில் தறிக்காரன் உரிமையுடைய மனிதன்.

ஆனால் அதே நூலின் நிகாஹ் பாடம் வேறு முகத்தைக் காட்டுகிறது. மணமக்களிடையே 'கஃபாஅத்' எனப்படும் நிகர்நிலை, குலம், மார்க்கம், செல்வம் ஆகியவற்றோடு தொழிலிலும் கருதப்படும் என்று அங்கே வரும். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள், மிக இழிவாகக் கருதப்படும் தொழில்களில் மட்டுமே இது பொருந்தும் என்று கூறியதாகவும் வரும். அதற்கான எடுத்துக்காட்டுகள் மூன்று: இரத்தம் குத்தி எடுப்பவர், நெசவாளர், தோல் பதனிடுபவர். ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த மர்கீனானியின் ஹிதாயாவில் 'ஹாயிக்' என்ற சொல்லை வாசித்து, நெசவாளர் என்று பொருள் சொன்ன அந்த நாளில், படிவத்தில் 'ஜவுளி' என்று எழுதிய அதே மாணவன் வகுப்பில் இருந்தான். இப்போது மீசை அரும்பியிருந்தது. தலை குனிந்த விதம் மட்டும் மாறவில்லை.

அன்று நாம் பாடத்தை விரைவாகக் கடந்துவிட்டோம். அது நம் குறை.

பின்னர் நிதானமாகத் தேடியபோது சில செய்திகள் துலங்கின. அரபியர் ஒருவருக்கொருவர் நிகர், நெசவாளனும் இரத்தம் குத்துபவனும் நீங்கலாக என்ற பொருளில் ஓர் ஹதீஸ் வழங்குகிறது. இப்னு ஹஜர் (ரஹ்) தம் 'புலூகுல் மராம்' நூலில் அதன் தொடரில் பெயர் சொல்லப்படாத ஒருவர் இருப்பதையும், அபூஹாத்திம் (ரஹ்) அதை மறுத்திருப்பதையும் குறித்துள்ளார். மறுபக்கத்தில், எவரும் தம் கையுழைப்பால் உண்பதைவிடச் சிறந்த உணவை உண்டதில்லை என்றும், தாவூத் (அலை) அவர்கள் கையுழைப்பால் உண்டார்கள் என்றும் கூறும் நபிமொழி புகாரியில் இடம்பெற்றது. தாவூத் (அலை) செய்தது போர்க்கவசம். குர்ஆன் அதைக் குறிக்கும் சொல் 'ஸன்அத்' (21:80). கைத்தொழிலுக்கு இன்றும் அரபுலகில் வழங்கும் சொல்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வின் முதற்பகுதியான அறிவு பற்றிய நூலில், உலகம் நிலைபெற இன்றியமையாத அடிப்படைத் தொழில்கள் நான்கு என்கிறார்: உணவுக்கு உழவு, உடைக்கு நெசவு, உறைவிடத்துக்குக் கட்டடத் தொழில், இவற்றை ஒழுங்குபடுத்த ஆட்சி. நெசவு ஆட்சியோடு ஒரே வரிசையில் நிற்கிறது. கி.பி. 1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், மனிதன் ஈட்டும் பொருள் என்பது மனித உழைப்பின் மதிப்பே என்று ஓர் அத்தியாயத்தையே தொடங்குகிறார். அந்நூலில் கவிதை நடையை அவர் விளக்கும் இடமும் சுவையானது. சொற்கள் நெய்யப்படும் 'மின்வால்', அதாவது தறிதான் நடை என்கிறார். அரபியில் இன்றும் 'இவ்வாறே' என்று சொல்ல 'இந்தத் தறியின்படி' என்பார்கள். தமிழிலோ நூல் என்பது இழையுமாகும் ஏடுமாகும். பா என்பது செய்யுளுமாகும் தறியில் ஓடும் பாவுமாகும். பனுவலும் அப்படியே.

இவ்விரு பொருளும் ஒருவரிடத்தில் கூடியதற்குச் சான்று சங்கரன்கோவிலுக்கு மிக அருகிலேயே இருக்கிறது. ஞானக்கடல் பீர்முஹம்மது அப்பா (ரஹ்) அவர்கள் தென்காசியில் பிறந்து தக்கலையில் வாழ்ந்தவர்கள். தறி நெய்து பிழைத்தவர்கள் என்பது அவர்களைப் பற்றிய மரபுவழிச் செய்திகள் யாவும் ஒன்றுபடும் இடம். ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானரத்தினக் குறவஞ்சி, பிஸ்மில் குறம் என விரியும் அவர்களின் பாடல்கள் பதினெட்டாயிரம் என்று சொல்வார்கள். எண்ணிக்கை எப்படியாயினும், ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் தக்கலை தர்காவில் ஓர் இரவு முழுவதும் ஞானப்புகழ்ச்சி பாடப்படுவதை நேரில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தச் சபையில் வணிகரும் ஆலிமும் அரசு அலுவலரும் அமர்ந்து ஒரு தறிக்காரரின் பாவைப் பாடுகின்றனர்.

தக்கலை ஜமாஅத்தின் பெயரிலுள்ள 'அஞ்சுவண்ணம்' என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. கி.பி. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில் மணிக்கிராமத்தோடு இணைந்து வரும் அஞ்சுவண்ணம் ஒரு வணிகக் குழு. மேற்காசியாவிலிருந்து வந்த கடல்வணிகரின் அமைப்பு அது என்றும், 'அஞ்சுமன்' என்ற பாரசீகச் சொல்லே இவ்வாறு திரிந்தது என்றும் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு போன்றோர் விளக்கியுள்ளனர். மக்கள் வழக்கிலோ இது நெசவோடும் ஐந்து என்ற எண்ணோடும் பிணைத்துப் பேசப்படுகிறது. ஆய்வு வணிகரிடம் கொண்டுசெல்கிறது. நினைவு தறியிடம் கொண்டுவருகிறது. தங்களை வணிகரின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொள்ள வாய்ப்பிருந்தும் நெசவின் நினைவை மக்கள் விடவில்லை என்பதே நமக்கு இதில் முக்கியமாகப் படுகிறது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. நெசவாளரைக் குறிக்கும் 'ஜுலாஹா' என்ற பாரசீகச் சொல் வட இந்தியாவில் வசையாகவே மாறிற்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் இயக்கம் கண்டு 'மோமின்', 'அன்சாரி' என்ற பெயர்களை ஏற்றனர். சொல்லைச் சுமக்க முடியாதபோது இறக்கி வைத்தனர். நம் மாநிலத்தில் 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தபோது, பட்டியலிலுள்ள ஏழு பிரிவுகளில் 'அன்சார்' என்பதும் 'தூதேகுலா' என்பதும் இருந்தன. தூதேகுலா என்றால் பஞ்சு கொட்டுபவர். அரபியில் அதற்கு 'ஹல்லாஜ்'. ஹிஜ்ரி 309இல் பக்தாதில் கொல்லப்பட்ட மன்சூரை 'ஹல்லாஜ்' என்று உருகிச் சொல்லும் அதே வாய், பஞ்சுகொட்டி என்று தமிழில் சொல்லும்போது உதட்டைச் சுழிக்கிறது.

நம் தஸ்தாவேஜுகளில் இமாம்களின் பெயர்களைப் பொருள் பெயர்த்துப் பார்த்தால் ஒரு கடைவீதியே தெரியும். வக்ஃபுச் சட்டத்தின் பேராசான் கஸ்ஸாஃப் செருப்புத் தைப்பவர். ஜஸ்ஸாஸ் சுண்ணச் சாந்து வேலைக்காரர். கஃப்ஃபால் பூட்டுச் செய்பவர். இலக்கண மேதை ஸஜ்ஜாஜ் கண்ணாடி வேலைக்காரர். ஸூஃபி கைருன் நஸ்ஸாஜ் நெசவாளர். மாணவர்கள் இப்பெயர்களை ரஹ்மத்துல்லாஹி அலைஹி சேர்த்து மனப்பாடம் செய்கின்றனர், பொருள் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல நாமும் தயங்கியிருப்போமோ என்னவோ.

அரபுக் கல்லூரியில் நம்மை 'உஸ்தாத்' என்று அழைக்கிறார்கள். நம் ஊர்களில் முடி திருத்துபவரையும் கத்னா செய்பவரையும் 'ஒஸ்தா' என்பார்கள். இரண்டும் ஒரே சொல் என்றே நாம் கருதுகிறோம்: கைத்தொழிலில் தேர்ந்தவன் என்று பொருள்படும் பாரசீகச் சொல். ஒன்றை முன்வரிசையில் அமர்த்தினோம். மற்றொன்றைத் திருமண வீட்டின் கொல்லைப்புறத்தில் சாப்பிட வைத்தோம்.

இறுதியாக நாம் தேடிய விடை ஹிதாயாவின் விரிவுரையிலேயே கிடைத்தது. முதலில், தொழிலில் நிகர்நிலை பார்க்க வேண்டியதில்லை என்ற கருத்தும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. அதற்கு ஹிதாயாவே கூறும் காரணம், தொழில் மனிதனோடு ஒட்டிப் பிறந்ததன்று, மாற்றிக்கொள்ளக் கூடியது என்பது. அடுத்து, ஹிஜ்ரி 861இல் (கி.பி. 1457) மறைந்த இப்னுல் ஹுமாம் (ரஹ்) தம் 'ஃபத்ஹுல் கதீர்' விரிவுரையில் இன்னும் ஒரு படி செல்கிறார். இழிவு என்பது தொழிலில் இல்லை; அதை இழிவாக எண்ணும் ஊர்வழக்கில் இருக்கிறது. வழக்கு மாறினால் சட்டமும் அதோடு சுழலும். ஆகவே அலெக்ஸாண்டிரியாவில் நெசவாளர் அத்தர் வணிகருக்கு நிகராக வேண்டும். அந்நகரத்தார் நெசவை மதிக்கின்றனர், குறையாக எண்ணுவதே இல்லை என்று எழுதுகிறார். அவருடைய தந்தை அந்நகரில் காளியாக இருந்தவர். அங்கே தறிக்காரரைத் தெருவில் எப்படி வரவேற்றார்கள் என்பதை அவர் கிதாபில் மட்டும் படித்திருக்க முடியாது.

மறுவாரம் அந்தப் பாடத்தை மீண்டும் எடுத்தோம். ஹாயிக் என்ற சொல்லுக்கு இம்முறை 'தறிக்காரர்' என்றே பொருள் சொல்லி, இப்னுல் ஹுமாமின் வரிகளையும் வாசித்தோம். சங்கரன்கோவில் மாணவன் கையை உயர்த்தி, அலெக்ஸாண்டிரியா எந்தப் பக்கம் இருக்கிறது ஹஜ்ரத் என்று கேட்டான். கரும்பலகையில் மிஸ்ரின் வரைபடத்தைக் கோணலாக வரைந்து, நைல் நதி கடலில் விழும் இடத்துக்கு மேற்கே ஒரு புள்ளி வைத்துக் காட்டினோம்.